பிறப்பிடச் சான்று

முத்திரையின் மை ஊதாவாக இருக்க வேண்டுமாம்.
லவாலியின் தாளில் அது நீலம்.
இவ்வளவுதான் விஷயம்.
இதற்காக அறுநூறு மூட்டை வெங்காயம்
பாகா எல்லையின் குறுக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம்
மூன்று நாளாய் நிற்கிறது.

நான் சுங்கத் தரகன்.
பிரெஞ்சில் கெஞ்சுவேன், ஆங்கிலத்தில் வாதாடுவேன்,
ஹௌசாவில் டிரைவர்களைச் சமாதானப்படுத்துவேன்,
என் சொந்தக் கஸெம் மொழியில்
யார் காதிலும் விழாமல் திட்டிக்கொள்வேன்.
நான்குக்கும் சேர்த்து ஒரே கூலி.

அதிகாரி அவேபுகாவின் தலைக்கு மேல்
கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒப்பந்தம் தொங்குகிறது.
இந்த நாடுகளின் சரக்கும் மக்களும்
தடையின்றிச் செல்லலாம் என்கிறது.
கண்ணாடியின் மேல் ஒரு பல்லி
தடையின்றிச் சென்றது.

"மைதானே ஊதா வேண்டும்?" என்றான் லவாலி.
கால்மி வெங்காயத்தின் தோலை விரலால் நசுக்கிக் காட்டினான்.
"இதைவிட எது ஊதா?
என் மண்ணின் முத்திரை ஒவ்வொன்றிலும் இருக்கிறதே."
மொழிபெயர்த்தேன்.
அவேபுகா சிரிக்கவில்லை.
எனக்கும் அதற்குக் கூலி கிடையாது.

இரண்டாம் நாள் இரவு டீக்கடை வானொலி:
தூரத்துத் தலைநகரில் அமைச்சர்கள் கூடியிருக்கிறார்கள்,
எல்லோருக்கும் ஒரே நாணயம் வரப்போகிறது,
தேதி பின்னர் அறிவிக்கப்படும்.
ஸலமாத்து காதில் வாங்காமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.
அவள் இடுப்புப் பையின் இடது அறையில் செடி,
வலது அறையில் பிராங்க்.
நடுவில் இருப்பது வெறும் தையல்.
பதினோரு வருடமாய் அவள் சொல்வதுதான் மாற்று விகிதம்.
அவளை யாரும் எந்த ஓட்டலுக்கும் அழைத்ததில்லை.

மூன்றாம் நாள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தோம்.
மூட்டையின் கண்ணிகள் வழியே
பச்சைத் தளிர் எட்டிப் பார்த்தது.
வாசனை மாறத் தொடங்கியிருந்தது.
லவாலி ஒன்றும் பேசவில்லை,
ஒரு தளிரைக் கிள்ளி மென்றான்.

அன்றிரவு சைக்கிள்கள் வந்தன.
ஷியா மரங்களுக்கு இடையில் விளக்கில்லாமல்
ஆளுக்கு ஒரு மூட்டை, பாதி விலை.
கம்பி, சாலையை மட்டும்தான் மறிக்கிறது.
இரண்டு பக்கமும் என் ஜனம்தான்.
ஒரே மொழியில் பேரம், ஒரே மொழியில் வசவு.
நாற்பத்திரண்டு மூட்டை வரை எண்ணினேன்.
பிறகு எண்ணாமலிருப்பது உத்தமம் என்று பட்டது.

மறுநாள் ஞாயிறு.
டகோலாவில் அவேபுகாவின் மைத்துனனுக்குப் பெயர்சூட்டு விருந்து,
அதாவது மைத்துனன் மகளுக்கு.
அதிகாரி சீருடை இல்லாமல், தாளும் இல்லாமல்
கம்பிக்கு அடியில் குனிந்து போனார்.
நானும் போனேன், எனக்கும் உறவுதான்.
கோழிக்குழம்பில் வெங்காயம் கொட்டிக் கிடந்தது.
அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.
ஊதா.
என்னைப் பார்த்தார்.
நான் சோற்றைப் பார்த்தேன்.

திங்கள் காலை நீலம் போதும் என்று ஆகிவிட்டது.
காரணம் கேட்டு எழுதச் சொன்னால்
எனக்குத் தெரிந்த நான்கு மொழியிலும் அதற்குச் சொல் இல்லை.

ஆறு நாள் கழித்து லவாலி திரும்பி வந்தான், காலி லாரியோடு.
தெற்கே பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றப் பார்த்தானாம்.
வேறு ஒரு சான்று, வேறு ஒரு மை.
விற்ற பணம் டீசலுக்கும் வழியில் நீண்ட கைகளுக்கும் போக
மகளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருந்தான்.
சரக்கு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

ஹர்மத்தான் அடித்துக்கொண்டிருந்தது.
மேசை, பேரேடு, ஒப்பந்தத்தின் கண்ணாடி,
அவேபுகாவின் புருவம் எல்லாவற்றிலும் செம்மண் தூசு.
லவாலி விரலால் தொட்டுப் பார்த்தான்.
"எங்கள் ஊர்ப் பக்கத்துது," என்றான்,
கையெழுத்துப் போடப் பேனா கேட்டான்.